நாள் குறித்தவர்களும் காத்திருந்தவர்களும்

சமணனாகிய நான் கிறிஸ்தவர்களின் இறுதிக்கால நம்பிக்கையைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். சான்பாடாவில் குடியிருந்து கொண்டு, பக்கத்து வாஷி மொத்த மார்க்கெட்டில் பருப்பு வியாபாரம் செய்பவன் நான். எங்கள் கடைக்கு வந்து போகும் தமிழ்ச் சில்லறைக் கடைக்காரர்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைக்காரர்கள். அவர்களிலும் பலர் கிறிஸ்தவர்கள். பாக்கி வசூலுக்காகத் தாராவிக்கும் செம்பூருக்கும் நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறேன். இயேசுவின் வருகை நெருங்கிவிட்டது என்று எழுதிய சுவரையோ, காலண்டரையோ பார்க்காமல் ஒரு நாளும் திரும்பியதில்லை. தினமும் கண்ணில் படுகிற ஒன்றுக்கு வரலாறு என்ன என்று தேடிப் படித்ததின் பலன்தான் இக்கட்டுரை.

முதலில் என் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமயத்தில் காலம் ஒரு சக்கரம். இறங்குமுகமான அவசர்ப்பிணி, ஏறுமுகமான உத்சர்ப்பிணி என்று அதற்கு இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் ஆறு காலங்கள். இப்போது நடப்பது இறங்குமுகத்தின் ஐந்தாவது, அதாவது தீக்காலம். அதன் அளவு 21,000 ஆண்டுகள். மகாவீரர் வீடுபேறு அடைந்த ஆண்டாகக் கொள்ளப்படும் கி.மு. 527-க்குப் பின் மூன்று ஆண்டு எட்டரை மாதம் கழித்து அது தொடங்கியது. ஆக, இன்னும் 18,000 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. அதற்கப்புறம் தீத்தீக்காலம் என்று இன்னொரு 21,000 ஆண்டு. பிறகு சக்கரம் மேலே திரும்பும். இந்தக் கணக்கை நம்புகிறவன் எவனும் உலகம் முடியப் போகிறது என்று கடையைப் பூட்ட மாட்டான். தீமைக்கும் எங்களிடம் தலைவன் கிடையாது. வினை அந்தந்த உயிரில் ஒட்டுகிறது, அந்தந்த உயிர்தான் அதை உதிர்க்க வேண்டும்.

கிறிஸ்தவர்களிடம் காலம் நேர்கோடு. ஒரு தொடக்கம், ஒரு முடிவு. தீமைக்குப் பெயர் உண்டு, படை உண்டு, தோல்வி நாளும் உண்டு. இதையெல்லாம் விரிவாகச் சொல்வது அவர்களுடைய புதிய ஏற்பாட்டின் கடைசி நூல். சீர்திருத்த சபையார் அதை வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள், கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்பார்கள். அதில் வரும் ஏழு தலைப் பகைவனை முன்னவர் வலுசர்ப்பம் என்று மொழிபெயர்த்தார்கள், பின்னவர் அரக்கப் பாம்பு என்கிறார்கள். சீகன்பால்க் தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முழுமை பெற்றது. இந்த நூலும் அப்போதே தமிழில் அச்சேறிவிட்டது.

கதைச் சுருக்கம் இது. வானத்தில் மிகாவேல் என்னும் தூதனுக்கும் பாம்புக்கும் போர். பாம்பு பூமிக்குத் தள்ளப்படுகிறது. ஒரு மிருகம் எழும்பி உலகை ஆள்கிறது. அதன் எண் 666. அர்மகெதோன் என்ற இடத்தில் மன்னர்கள் கூடுகிறார்கள். பாம்பு ஆயிரம் ஆண்டு பாதாளத்தில் கட்டப்பட்டு, பின் சிறிது காலம் அவிழ்த்து விடப்பட்டு, கடைசியில் அக்கினிக் கடலில் எறியப்படுகிறது. இறந்தோர் எல்லாரும் நியாயத்தீர்ப்புக்கு நிற்கிறார்கள். பிறகு புதிய வானம், புதிய பூமி.

கி.பி. 95 வாக்கில், உரோமப் பேரரசன் தொமித்தியன் காலத்தில், பத்மு என்னும் சிறு தீவிலிருந்த யோவான் என்பவர் இதை எழுதினார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நீரோ மன்னன் பெயரை எபிரெய எழுத்தில் எழுதி எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டினால் 666 வரும் என்றும் சொல்வார்கள். ஆக, மிருகம் என்றது அந்நாளைய அரசாங்கத்தைத்தான்.

வியாபாரியான என்னை நிறுத்தி வைத்த இடம் அதன் பதினெட்டாம் அதிகாரம். பாபிலோன் என்ற பெயரில் உரோம் வீழ்கிறது. அப்போது அழுகிறவர்கள் யார்? வணிகர்கள்! தங்கள் சரக்கை வாங்க இனி ஆளில்லையே என்று தூரத்தில் நின்று அழுகிறார்கள். உடனே ஒரு சரக்குப் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், எண்ணெய், மாவு, கோதுமை, ஆடு மாடு என்று ஏறக்குறைய முப்பது உருப்படி. எங்கள் மார்க்கெட்டு வரவு நோட்டை வாசிப்பது போலவே இருக்கும். பட்டியலின் கடைசி உருப்படி மனிதர்கள், அடிமைகள். கோதுமைக்கும் குதிரைக்கும் பின்னால் மனிதனை ஒரு சரக்காக நிறுத்திய ஆட்சியைத்தான் யோவான் தீமை என்று கண்டார். அந்தப் பட்டியலில் உள்ள முத்து எங்கிருந்து உரோமுக்குப் போயிருக்கும் என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கொற்கைத் துறை பொருநையாற்றின் கழிமுகத்தில்தான் இருந்தது. பதினெட்டு நூற்றாண்டு கழித்து அந்தப் பொருநைக் கரையிலேயே இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தவர்கள் உண்டு. இனி அவர்கள் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென்கோடி எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பனையேறியும் கூலிக்காரனும் வரிக்கும் ஊழியத்துக்கும் நடுவே நசுங்கினார்கள். காலரா வந்தால் ஊரே காலியாகும். இந்த நிலை இப்படியே இருக்காது, மேலே இருக்கிறவன் ஒரு நாள் கீழே விழுவான் என்று யார் சொன்னாலும் கேட்க ஆள் இருந்தது. கிறிஸ்தவர் மட்டுந்தான் அப்படிச் சொன்னார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சாமித்தோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர் (1809–1851) கலி என்னும் நீசன் அழிந்து தர்மயுகம் பிறக்கும் என்று போதித்தார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையிலும் வைத்தது. அவர் வழியினரின் அகிலத்திரட்டு 1841-ல் உருவானது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒருவர் கலி என்றார், ஒருவர் சாத்தான் என்றார். கேட்டவர்கள் பட்ட பாடு ஒன்றுதான்.

கிறிஸ்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-ல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டுப் பாக்தாது போய், அங்கே கொள்ளைநோயில் மனைவியை இழந்து, 1833-ல் இந்தியாவுக்கு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் தொடர்பு அருளப்பனுக்குக் கிடைத்தது. அதன்பின் மிஷன் சம்பளமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு குடியிருப்பை அமைத்து, வெள்ளைக்காரர் மேற்பார்வை இல்லாமல் ஊழியம் நடத்தினார். சம்பளம் தருகிறவனிடம் தலை குனிய வேண்டும் என்பது வியாபாரிக்கும் தெரியும், உபதேசிக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அதைத் துறந்தது சின்னக் காரியமல்ல.

குரோவ்ஸ் சார்ந்திருந்த பிரதரன் கூட்டத்தாரிடம் இறுதிக்காலச் சிந்தனை மிக வலுவாக இருந்தது. அவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி மனித வரலாற்றையே பல யுகங்களாகப் பிரித்து, கடைசி யுகம் வாசலில் நிற்கிறது என்றார். (எங்கள் ஆறு காலக் கணக்கோடு ஒப்பிட்டால் அவர் கணக்கில் ஆண்டுகள்தான் ரொம்பக் குறைவு.) இந்தக் காற்று அருளப்பன் வட்டத்திலும் வீசியது. 1860 மார்ச்சில் கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல் தொடங்கியது. மக்கள் நடுங்கி விழுந்தார்கள், அழுதார்கள், செய்த பாவங்களை எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொன்னார்கள், அந்நிய பாஷையில் பேசினார்கள். உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு ஊற்று என்று சொல்லப்படும் அமெரிக்க லாஸ் ஏஞ்சலஸ் எழுப்புதல் 1906-ல்தான் நடந்தது. நம் வத்திராயிருப்பு 46 ஆண்டு முந்திக்கொண்டது! இதை நம்மூர்க் கிறிஸ்தவர்களிலேயே எத்தனை பேர் அறிவார்கள் என்பது எனக்கு ஐயந்தான். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். முடிவு சமீபம் என்று நம்பிய இவர்கள் தீமையைத் தேடி வெளியே போகவில்லை. தங்கள் நெஞ்சுக்குள்ளேயே அதைத் தேடினார்கள். வினையை உதிர்ப்பது என்று நாங்கள் சொல்வதற்கு மிக அருகில் வந்துவிடுகிறார்கள். அருளப்பன் 1867-ல் காலமானார்.

அந்த எழுப்புதல் மலை கடந்தது. தமிழ் உபதேசிமார் மூலம் திருவிதாங்கூருக்குப் போய், 1873-ஐ ஒட்டி அங்கே மறுபடி மூண்டது. அங்கேதான் நாள் குறித்த கதை வருகிறது. கதாநாயகரும் தமிழரே. பாலக்காட்டுப் பக்கத் தமிழ் அந்தணர் குடும்பத்தில் பிறந்த இராமய்யன், 1861-ல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் யோசேப்பு ஆனார். மொழிப் புலமையால் வித்துவான் குட்டி என்ற பெயரும் உண்டு. ஆங்கிலேய மிஷனில் குருப்பட்டம் பெற்று, கருநாகப்பள்ளியை அடுத்த கன்னேற்றியில் ஊழியம் செய்தார். 1875-ல் அவர் கூட்டாளி ஒருவர் பரவச நிலையில், இன்னும் ஆறு ஆண்டில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். வித்துவானும் அதை ஏற்றார். மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபை எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மிஷனரிகள் இவர்களை ஆறாண்டுக் கட்சி என்று கேலி செய்தார்கள்.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்ததும் அப்போதுதான். மலைக்கு இந்தப் பக்கம் கஞ்சித்தொட்டி முன் வரிசை, அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்த வரிசை. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உலகம் முடியப் போகிறது என்ற பேச்சு அந்த நாளில் பைத்தியக்காரப் பேச்சாகத் தோன்றியிராது என்பது மட்டும் நிச்சயம்.

1881 வந்தது. போயும் விட்டது. கிறிஸ்து வரவில்லை. பலர் தலை கவிழ்ந்து பழைய சபைகளுக்கே திரும்பினார்கள். வித்துவானோ, வருகை கண்ணுக்குத் தெரியாத முறையில் நடந்தேறிவிட்டது என்று கொண்டு, யுயோமயம் என்ற பெயரில் புதிய சமயமாகவே அதைத் தொடர்ந்தார். 1887-ல் மறைந்தார். அவரை நம்பிச் சொந்த சபையைப் பகைத்துக்கொண்டு வந்த குடும்பங்களின் ஆறு ஆண்டுக்கு யார் கணக்குச் சொல்வது? இந்தக் கேள்வியை நான் விட மாட்டேன். என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளை, அவரைத் தள்ளி வைத்த சபைகள் உட்பட, கேரளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். நாள் பொய்த்தது, பாட்டு நின்றது.

நம் மும்பையிலும் நாள் குறித்த காலம் ஒன்று உண்டு. 1999 டிசம்பர். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், அதோடு உலகமும் நிற்கும் என்று பேச்சு. தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த வாடிக்கைக்காரர் ஒருவர், நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர், எங்கள் கடையில் எப்போதும் நாற்பது நாள் கடனில்தான் துவரம் பருப்பு எடுப்பார். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் வந்து மொத்தப் பாக்கியையும் மேசையில் வைத்தார். “என்ன அண்ணாச்சி, கேட்காமலே?” என்றேன். “கர்த்தர் வரும்போது ஒருத்தனுக்கும் ஒண்ணும் பாக்கி வைக்கக் கூடாதுல்லா நயினாரே” என்றார். ஜனவரி இரண்டாம் வாரம் வந்து வழக்கம்போல் ஐந்து மூட்டை கடனுக்குக் கேட்டார். கொடுத்தேன். எல்லாரும் அப்படி இல்லை. அதே மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கட்டாமல் விட்ட குடும்பத்தையும் எனக்குத் தெரியும். இனிப் படிப்பு எதற்கு என்று நினைத்தார்கள். பையனுக்கு ஓராண்டு வீணாயிற்று.

666 பயமும் அப்படித்தான், ஓயாது. நூலில் மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்று ஒரு செய்தி வருகிறது. அதனால் எங்கள் தொழிலில் எது புதிதாக வந்தாலும் சந்தேகம். பாக்கெட்டு மேல் கோடு அச்சடித்தார்கள், அதுதான் முத்திரை என்றார்கள். ஆதார் அட்டை வந்தது, அதுதான் என்றார்கள். 2021-ல் கொரோனா தடுப்பூசிதான் என்று கைப்பேசியில் செய்தி பறந்தது. ஊசி போட மாட்டேன் என்று ஒரு பாட்டி அடம்பிடித்தார். கடைசியில் அவருடைய சபைப் போதகரே வந்து, தான் போட்டுக்கொண்ட கையைக் காட்டி அழைத்துப் போனார். நீரோவின் பெயருக்குப் போட்ட கணக்கு, ஈராயிரம் ஆண்டு கழித்துத் தாராவியில் பாட்டியின் புஜம் வரை வந்துவிட்டது.

பெரிய சபைகள் நாள் குறிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையாரும் கத்தோலிக்கரும் கிறிஸ்து நியாயந்தீர்க்க மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்கிறார்கள்; அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்று இயேசுவே சொன்னதாகச் சுவிசேஷத்தில் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் இந்த எதிர்பார்ப்புக்கென்றே உள்ளவை. இன்னொரு பக்கம், 1920-களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே சபையின் ஊழியர்கள், திருமணமின்றி, சொந்தப் பொருளின்றி, வெள்ளுடை தரித்து வருகைக்கு ஆயத்தமாகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் துறவிகள் நினைவுக்கு வருவது இயல்புதானே?

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த கதை. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், 1857-ல் மிஷனரிகளோடு மோதிக்கொண்டு தனிச் சபை கண்டார். கால்டுவெல் 1849-ல் சாணார்களைப் பற்றி எழுதிய நூல் அச்சமூகத்தாரின் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. வெள்ளைக்காரர் வழக்கம் எதுவும் வேண்டாம், வேதத்தில் உள்ளபடி நடப்போம் என்று இவர்கள் தூபம் காட்டினார்கள், எக்காளம் ஊதினார்கள், ஞாயிற்றை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாள் ஆக்கினார்கள்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் நூலைக் கணக்குப் போட்டுக் கிறிஸ்து வருகையைக் கணித்தார். அவர் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாளைக் குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள் உண்டு. பொழுது விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. சிதறியவர்களில் ஒரு சிறு கூட்டம், அந்த நாளில் பரலோகத்தில் ஒரு காரியம் நடந்தது, பூமிக்கு வருவதற்கு நாள் குறிக்கக் கூடாது என்று பொருள் மாற்றிக்கொண்டு, சனிக்கிழமை ஓய்வையும் சேர்த்து, 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக நிலைபெற்றது. இன்று உலகம் முழுதும் இரண்டு கோடிப் பேருக்கு மேல். வித்துவானும் இவர்களும் பொய்த்த நாளுக்குச் சொன்ன விளக்கம் ஏறக்குறைய ஒன்றே. இவர்களோ இனி நாள் குறிப்பதில்லை என்று முடிவெடுத்துப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டப் போனார்கள்.

தென்னாட்டில் தாங்களாகவே சனிக்கிழமை அனுசரிக்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் என்பவருக்கு எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் அவர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயரில் பிரகாசபுரத்தில் பள்ளிக்கூடம் உண்டு. 1915-ல் அச்சபையார் கோயம்புத்தூரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பெங்களூர் போய், 1942-ல் நம் மகாராஷ்டிரத்துப் புனேக்கு வந்தது. அதுவே ஸ்பைசர் கல்லூரி, 2014-ல் பல்கலைக்கழகம். உலக முடிவுக்குக் காத்திருப்பவர்கள் நூறாண்டு நிற்கிற கட்டடமாகவே கட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அச்சபையைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவர் எங்களிடம் சரக்கு எடுக்கிறார். சனிக்கிழமை விற்பனைதான் வாரத்திலேயே அதிகம். அன்று அவர் கடை திறக்காது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மூட்டைகளை இறக்கியாக வேண்டும் என்று நாலு மணியிலிருந்தே அவசரப்படுத்துவார். இருட்டும் முன் சாப்பிட்டு முடிக்க வேண்டிய நியமம் எனக்கும் உண்டு. அதனால் டெம்போ கிளம்பும் நேரத்தைப் பற்றி எங்களுக்குள் தகராறு வந்ததே இல்லை.